கோப்ரலின் தலைமை: படையின் அடிப்படியில் நிற்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

திருகோணமலையில் வளர்ந்த ஒருவருக்குச் சீருடையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் பிரட்ரிக் கோட்டை வாசலால்தான் போகவேண்டும். அந்தக் கோட்டைக்குள்ளே இராணுவ முகாம். உட்துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படை. அதற்கும் முன்னர், 1957 வரை, இதே துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை தளம் வைத்திருந்தது. இவ்வளவு படைகளைப் பார்த்த ஊரில் இருந்தும், படைக்குள்ளே தலைமைத்துவம் எப்படி வளர்கிறது என்று தமிழில் எளிமையாக எழுதியதை நான் அதிகம் கண்டதில்லை. தளபதிகளைப் பற்றி எழுதுகிறார்கள், போர்களைப் பற்றி எழுதுகிறார்கள். கையில் ஒரு பட்டியோ இரண்டு பட்டியோ தைத்துக்கொண்டு, ஏழெட்டுப் பேருக்குப் பொறுப்பாக நிற்கிற இளம் வயதுப் பிள்ளை வழிநடத்தக் கற்றுக்கொள்வது எப்படி என்று எழுதுபவர்கள் குறைவு.

எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் இந்த மாவட்டத்தில் பஸ்ஸில் போன எவருக்கும் சோதனைச் சாவடி நினைவிருக்கும். இறங்க வேண்டும், வரிசையில் நடக்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அந்த வரிசையில் நின்ற மக்கள் ஒரு ஜெனரலையும் சந்தித்ததில்லை. அவர்களுக்குப் படை என்றால் அட்டையை வாங்கிப் பார்த்த அந்த ஒருவர்தான். அவர் வயதான பெண்ணை ‘அம்மா’ என்று கூப்பிட்டாரா, கையைக் காட்டி அதட்டினாரா என்பதைப் பல வருடம் கழித்தும் வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சீருடையைக் கண்டாலே நெஞ்சு இறுகுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் வராது. ஒரு படையின் ஆகக் கீழ்ப்படியில் நிற்பவர் எவ்வளவு நல்ல மனிதராக வளர்கிறார் என்பது, அந்தப் படையைச் சந்திக்கிற ஊருக்கு மிகப் பெரிய விஷயம்.

வாசிப்பவர்களில் பாடசாலையில் கடேற் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கலாம். இங்கிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்து பிரித்தானிய, கனேடியப் படைகளில் சேர்ந்தவர்கள் இருக்கலாம். இந்தியப் படையில் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம். கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

சரி, முதலில் அடுக்குகள்.

ஒரு படையில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றால் அதிகாரிகள் வருகிறார்கள்: பயிற்சிக் கல்லூரி, நாட்டுத் தலைவரின் பெயரில் ஆணைப்பத்திரம், லெப்டினன்ட் என்று தொடக்கம். மற்ற வாசலால் வருபவர்கள் சிப்பாய்களாகவும் மாலுமிகளாகவும் சேர்கிறார்கள். படையில் பெரும்பான்மை அவர்கள்தான். அவர்களுக்குள்ளிருந்தே படிப்படியாக உயர்கிற தலைவர்களை என்.சி.ஓ. (ஆணைப்பத்திரம் இல்லாத அதிகாரி) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இலங்கை, பிரித்தானியத் தரைப்படைகளில் லான்ஸ் கோப்ரலுக்குக் கையில் ஒரு பட்டி, கோப்ரலுக்கு இரண்டு, சார்ஜன்டுக்கு மூன்று. இந்தியத் தரைப்படையில் அதே படிகளுக்கு லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று பெயர். கடற்படையில் லீடிங் சீமன், பெட்டி ஒபிசர், சீஃப் பெட்டி ஒபிசர். பிரித்தானியக் கடற்படையில் லீடிங் சீமன் கையில் பட்டிக்குப் பதிலாக நங்கூரச் சின்னம் இருக்கும்.

நிலாவெளி வீதியோரம் இருக்கிற யுத்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இந்தப் பெயர்களையெல்லாம் கல்லில் வாசிக்கலாம். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு முதலிலிருந்தே ஒரு விதி வைத்திருக்கிறது: இறந்தவரின் தரம், இனம், மதம் எதைக்கொண்டும் வேறுபாடு காட்டுவதில்லை. அதனால் அதிகாரிக்கும் மாலுமிக்கும் ஒரே அளவு நடுகல்.

பிரித்தானியத் தரைப்படையில் சிறு அணியான ஒரு செக்‌ஷனில் 8 பேர். அதை நடத்துபவர் கோப்ரல், அவருக்கு உதவி ஒரு லான்ஸ் கோப்ரல். இப்படியான மூன்று செக்‌ஷன்கள் சேர்ந்தால் ஏறக்குறைய 30 பேர் கொண்ட ஒரு பிளட்டூன். பிளட்டூனுக்குத் தலைவர் பெரும்பாலும் கல்லூரியால் அப்போதுதான் வெளியே வந்த இளம் லெப்டினன்ட். அவருக்குப் பக்கத்தில் நிற்கிற சார்ஜன்டுக்கோ பத்து வருடத்துக்கும் மேல் அனுபவம் இருக்கும். சட்டப்படி லெப்டினன்ட் பெரியவர், சார்ஜன்ட் அவருக்கு மரியாதை செலுத்தியே ஆகவேண்டும். அதேநேரம் எதை எப்படிச் செய்தால் சரிவரும் என்று அந்த இளைஞருக்குக் கற்றுக்கொடுப்பதும் சார்ஜன்டின் வேலை. நம் கரைவலைத் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை, எப்போது கடலில் இறங்குவது என்பதும் அவர் முடிவு. ஆனால் கயிறு இழுக்கும்போது யார் களைத்துப்போனான், எந்தப் பக்கம் தளர்கிறது என்று பார்த்துக் குரல் கொடுப்பது வரிசையில் தானும் நின்று இழுக்கிற மூத்த ஆள். அந்த மூத்த ஆளின் இடம்தான் என்.சி.ஓ.வின் இடம்.

இந்த இடம் ஒரே நாளில் உருவானதல்ல. அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, 1778இன் தொடக்கத்தில், பழைய ஜேர்மன் அரசான பிரஷ்யாவிலிருந்து வந்த ஃபொன் ஸ்டொய்பன் என்பவர் வேலி ஃபோர்ஜ் முகாமில் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். குளிராலும் நோயாலும் உடைந்துபோயிருந்த படை அது. அவர் முதலில் ஒரு சிறு மாதிரி அணியைத் தெரிந்தெடுத்துப் பழக்கினார், அவர்கள் போய் மற்றவர்களைப் பழக்கினார்கள். அடுத்த வருடம், 1779இல், படையின் ஒழுங்கு விதிகளை எழுதினார். அதில் கட்டளை அதிகாரிக்கு மட்டுமல்லாமல், சார்ஜன்டுக்கும் கோப்ரலுக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும்கூடத் தனித்தனியாகக் கடமைகள் எழுதப்பட்டன. கீழ்ப்படியில் நிற்பவர் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது எழுத்தில் வந்தது.

ஏன் இவ்வளவு கீழே தலைமை தேவை? ஒரு கப்பலை நினைத்துப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல் நாள் இரவு இந்தத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாக்குதல் நடக்கிற கப்பலில் இயந்திர அறையில் ஒரு சிறு குழு, ஒவ்வொரு பீரங்கியிலும் ஒரு குழு, நெருப்பை அணைக்கவும் தண்ணீரை அடைக்கவும் இன்னொரு குழு என்று ஆட்கள் பிரிந்து நிற்பார்கள். கதவுகள் அடைக்கப்பட்டிருக்கும். கப்டனின் குரல் எல்லா இடத்துக்கும் எட்டாது. அந்தந்த அறையில் யார் மூத்த மாலுமியோ அவர்தான் அந்த நேரத்துக்குத் தலைவர்.

இதை விளங்கிக்கொண்ட படைகள் கட்டளை கொடுக்கிற முறையையே மாற்றிக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யப் படையில் வளர்ந்த வழக்கம் அது: என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று மேலே இருப்பவர் தெளிவாகச் சொல்லிவிடுவார், எப்படிச் செய்வது என்பதை இடத்தில் நிற்பவரிடம் விட்டுவிடுவார். இன்று மேற்கு நாட்டுப் படைகள் பலவற்றில் இதுதான் பாடம். ‘அந்தப் பாலத்தில் நில்’ என்று மட்டும் சொன்னால், பாலம் உடைந்ததும் சிப்பாய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். ‘மக்கள் பாதுகாப்பாக மறுகரைக்குப் போகவேண்டும், அதற்காகப் பாலத்தில் நில்’ என்று சொன்னால், பாலம் உடைந்தாலும் அவன் படகு தேடுவான். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிற பழக்கத்தை முதல் பட்டி கிடைத்த அன்றிலிருந்தே பழகிக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஒரு நிமிடம்தான்.

கோப்ரலின் முடிவு எவ்வளவு தூரம் போகும்?

1999இல், அமெரிக்க மரைன் படையின் தலைவராக இருந்த ஜெனரல் சார்ள்ஸ் குருலாக் ஒரு கருத்தை எழுதினார். எதிர்காலத்தில் ஒரு படைப்பிரிவு ஒரே நாளில், அடுத்தடுத்த மூன்று தெருக்களில் மூன்று விதமான வேலைகளைச் செய்யவேண்டி வரும் என்றார். ஒரு தெருவில் உணவு கொடுக்க வேண்டும், அடுத்த தெருவில் சண்டை பிடிக்கிற இரண்டு தரப்பை விலக்கி வைக்க வேண்டும், மூன்றாவதில் துப்பாக்கிச் சூட்டுக்கு முகம் கொடுக்க வேண்டும். இவை ஒவ்வொன்றிலும் நேரில் நின்று முடிவெடுப்பவர் கோப்ரல். ஊடகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் எடுக்கிற முடிவு முழு நாட்டின் நோக்கத்தையே தூக்கிவிடலாம், அல்லது கவிழ்த்துவிடலாம். ‘ஸ்ட்ரட்டீஜிக் கோப்ரல்’ என்று அவர் வைத்த பெயர் இன்றைக்கும் படைக் கல்லூரிகளில் புழங்குகிறது.

அவர் எழுதி ஐந்து வருடத்தில் அதற்கு ஆகக் கசப்பான உதாரணம் வந்தது. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கக் காவலர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் 2004 ஏப்ரலில் உலகமெங்கும் வெளியாயின. படத்தில் நின்றவர்கள் கீழ்நிலைச் சிப்பாய்கள். மேலே இருந்தவர்களின் பொறுப்பு தனியாகப் பேசவேண்டிய பெரிய விஷயம், அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தவரும் அதே கீழ்ப்படியில் இருந்த ஒரு சிப்பாய்தான்: ஜோசப் டார்பி. ஒரே தரம், ஒரே இடம். ஒரு பக்கம் கொடுமை செய்த கை, மறுபக்கம் அதை நிறுத்தச் சொன்ன கை.

இன்னும் பின்னால் போனால் வியட்நாமின் மை லாய் கிராமம். 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் அங்கே ஆயுதமில்லாத மக்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். மேலே சிறிய ஹெலிகொப்டரில் மூன்று பேர்: வாரண்ட் ஒபிசர் தரத்தில் (சார்ஜன்டுக்கு மேலே, லெப்டினன்டுக்குக் கீழே) இருந்த விமானி ஹியூ தொம்சன், சிப்பாய்களான க்ளென் அன்ட்ரியோட்டா, லோரன்ஸ் கோல்பர்ன். தொம்சன் தன் ஹெலிகொப்டரைத் தங்கள் படையினருக்கும் ஒளிந்திருந்த கிராமத்தவருக்கும் நடுவில் இறக்கினார். மக்களைச் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தன் இரண்டு ஆட்களிடமும் சொல்லிவிட்டு, மக்களை வெளியே கூட்டிவந்து வேறு ஹெலிகொப்டர்களில் ஏற்றி அனுப்பினார். அப்புறம் அன்ட்ரியோட்டா பிணங்கள் நிறைந்த கால்வாய்க்குள் இறங்கி, உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று கிழமை கழிந்த சில நாட்களில் அவர் போரில் இறந்துபோனார். மூவருக்கும் அதற்கான பதக்கம் கிடைத்தது 1998இல், முப்பது வருடம் கழித்து.

இங்கே ஒரு சட்டப் பாடமும் இருக்கிறது. மேலதிகாரி சொன்னார் என்பது குற்றத்திலிருந்து தப்ப வழியாகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் விசாரணைகளிலிருந்து எடுத்து எழுதப்பட்ட கோட்பாடுகளில் இது தெளிவாக இருக்கிறது: வேறு வழியைத் தெரிவுசெய்ய உண்மையில் இடமிருந்தால், கட்டளைக்குப் பணிந்தேன் என்று சொல்லிப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. கீழ்ப்படிதல் படையின் முதுகெலும்பு. ஆனாலும் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு சிப்பாயும் முன்கூட்டியே தன் மனதில் ஒரு கோடு கீறி வைத்திருக்க வேண்டும். அந்த நேரம் வந்த பிறகு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. பயிற்சிக் காலத்திலேயே இதைப் பற்றிக் கூட்டாளிமாரோடு கதைத்திருந்தால், யாராவது ஒருவர் எல்லை மீறும்போது ‘டேய், வேண்டாம், நிப்பாட்டு’ என்று சொல்வது சுலபமாகும். தலைமைத்துவம் பற்றி இதில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் வைத்திருக்கச் சொன்னால் இதைத்தான் வைத்திருக்கச் சொல்வேன்.

நேற்றுவரை கூட்டாளி, இன்றைக்குப் பொறுப்பாளி

பெரிய விஷயங்கள் அப்படி இருக்க, நாளாந்த வாழ்க்கையில் ஆகக் கஷ்டமான கட்டம் முதல் பட்டி கிடைக்கிற கிழமைதான். வெளிநாட்டுப் படை ஒன்றில் இருக்கிற உறவுக்காரப் பிள்ளை ஒருவன் தொலைபேசியில் சொன்னான்: “மாமா, நேற்றுவரைக்கும் ஒன்றாச் சாப்பிட்டவங்கள், இப்ப நான் உள்ளே போனால் கதையை நிப்பாட்டுறாங்கள்.” இது அவனுக்கு மட்டும் நடப்பதல்ல. வேறு ஊரிலிருந்து வருகிற அதிகாரிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. என்.சி.ஓ. தன் கூட்டத்துக்குள்ளிருந்தே எழும்பி வருகிறவர். அவருடைய குறை, குற்றம், பகிடி எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில் இரண்டு விதமாகத் தடுமாறுவார்கள். ஒருவர் திடீரென்று குரலை உயர்த்தி அந்நியர்போல் நடப்பார். இன்னொருவர் ஒன்றுமே மாறாததுபோல் காட்டிக்கொண்டு, கூட்டாளி செய்த பிழையைப் பார்க்காத மாதிரி விட்டுவிடுவார். இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கும் என்பது என் எண்ணம். பார்க்காமல் விட்ட பிழை அடுத்த நாள் வழக்கமாகிவிடும், கூட்டாளி அல்லாதவன் அதைக் கவனித்துக்கொண்டிருப்பான்.

செய்யக்கூடியது: முதல் நாளே நேராகச் சொல்லிவிடுவது. ‘மச்சான், நாங்கள் கூட்டாளிமார்தான், அது மாறாது. ஆனால் கடமை நேரத்தில் நான் சொன்னால் செய்யவேண்டும். உனக்குச் சலுகை தந்தால் மற்றவன் என்னை நம்பமாட்டான்.’ அப்புறம் அந்தச் சொல்லை இரவுக் காவல் பட்டியலில் காட்ட வேண்டும். ஒரு சிறு அணிக்குள் நீதி எங்கே தெரியும் என்று கேட்டால், நடுச்சாமக் காவல் யாருக்கு எத்தனை தடவை விழுகிறது என்பதில் தெரியும். தன் பெயரையும் அந்த ஆகக் கெட்ட நேரத்தில் போட்டுக்கொள்கிற லான்ஸ் கோப்ரலை யாரும் குறை சொல்லமாட்டார்கள். சாப்பாட்டு வரிசையிலும் இதே வழக்கம்: மரைன் படையில் தரம் குறைந்தவர்கள் முதலில் எடுப்பார்கள், பொறுப்பாளர்கள் கடைசியில். தன்னுடைய ஆட்களிடம் கடன் வாங்குவதும், பழைய கூட்டத்தோடு உட்கார்ந்து சார்ஜன்டைப் பற்றிப் புறணி பேசுவதும் அன்றோடு நிற்கவேண்டியவை.

பிழை திருத்துவது ஒரு தனிக் கலை. பலருக்குத் தெரிந்த ஒரே முறை எல்லோர் முன்னாலும் ஏசுவது. ஏச்சு வாங்கியவனுக்கு ஏச்சு மட்டும்தான் நினைவில் நிற்கும், என்ன பிழை என்பது நிற்காது. தனியே கூப்பிட்டு, நடந்ததை மட்டும் சொல்லி, அவன் பக்கத்துக் காரணத்தைக் கேட்டு, இனி என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைப்பது நல்லது. பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் அந்த இடத்திலேயே கத்தி நிறுத்தலாம். அமெரிக்கத் தரைப்படை விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: திருத்தப் பயிற்சி தண்டனையாக இருக்கக்கூடாது, செய்த பிழையோடு நேரடியாகத் தொடர்புபட்டிருக்க வேண்டும். பிந்தி வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டால் அவன் ஓடப் பழகுவான், நேரத்துக்கு வரப் பழகமாட்டான். அடுத்த சில நாட்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்து மற்றவர்களின் வரவைப் பதிவுசெய்யச் சொன்னால் நேரத்தின் பெறுமதி அவனுக்குத் தெரியவரும்.

மூன்று வட்டங்கள்

பிரித்தானிய அதிகாரிகள் பயிலும் சாண்ட்ஹேர்ஸ்ட் கல்லூரியில் 1960களில் கற்பித்த ஜோன் அடெயார் ஒரு சுலபமான படம் வரைந்தார். ஒன்றையொன்று வெட்டுகிற மூன்று வட்டங்கள்: பணி, அணி, ஆள். தலைவருக்கு இந்த மூன்றும் எப்போதும் கண்ணில் இருக்கவேண்டும் என்பது அவருடைய கருத்து.

மாரி காலத்தில் வெருகலில் வெள்ளம் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரோடு ஒரு கோப்ரல் படகில் போய் மக்களை ஏற்றவேண்டும். இருட்டுமுன் எத்தனை குடும்பங்களைக் கரை சேர்ப்பது என்பது பணி. யார் படகில், யார் கரையில், யார் எப்போது ஓய்வு என்பது அணி. அந்த எட்டுப் பேரில் ஒருவனின் தாய் மூதூர்ப் பக்கம் தனியே இருக்கிறாள், தொலைபேசி எடுபடவில்லை, அவன் காலையிலிருந்து ஒன்றும் கதைக்கவில்லை. அவன்தான் மூன்றாவது வட்டம். அவனைக் கவனிக்காத கோப்ரல், படகு கவிழப்போகிற நேரத்தில் அவன் ஏன் கயிற்றை விட்டான் என்று அப்புறம் யோசிக்க வேண்டிவரும். ஐந்து நிமிடம் ஒதுக்கி, மூதூர்ப் பக்கம் நிற்கிற அணிக்கு ரேடியோவில் ஒரு தகவல் கேட்டுக் கொடுத்தால், அந்த ஐந்து நிமிடம் பணிக்கும் சேர்த்துத்தான் பயன்படுகிறது.

இதற்காகத்தான் பழைய சார்ஜன்ட்மார் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருப்பார்கள். ஆளின் பெயர், இரத்த வகை, எந்த மருந்து ஒத்துவராது, குழந்தை பிறக்க இருக்கிறதா, எந்தப் பயிற்சி இன்னும் முடிக்கவில்லை. அதை யாரும் பார்க்கும்படி வைக்கக்கூடாது, அதில் இருப்பதைப் பகிடிக்கு எடுக்கவே கூடாது.

முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவது

வேலை முடிந்ததும் எல்லோருக்கும் படுக்கத்தான் மனம் வரும். ஆனால் கற்றல் நடக்கிற இடம் அதற்கு முந்திய அரைமணி நேரம். 1970களிலிருந்து அமெரிக்கத் தரைப்படை ஒரு முறையை வளர்த்தெடுத்தது. கலிபோர்னியப் பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் என்ற இடத்திலுள்ள பயிற்சி மையத்தில் அது நன்றாக வேரூன்றியது. ‘ஆஃப்டர் அக்‌ஷன் ரிவ்யூ’ என்பார்கள். வட்டமாக உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்பார்கள்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை எதைத் தொடர்வது, எதை மாற்றுவது.

பார்க்கச் சின்ன விஷயம்போல் இருக்கும். நடத்திப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும், ஏனென்றால் நம் பழக்கத்தில் முதலாவது கேள்வி ‘ஆர் செய்தது?’ என்பதுதான். அந்தக் கேள்வி வந்தவுடன் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ரிவ்யூவில் தரம் வெளியே நிற்கும், ஆகப் புதிய சிப்பாயும் தான் கண்டதைச் சொல்லலாம். அது உண்மையாக நடக்கவேண்டுமென்றால் கோப்ரல் தன்னுடைய பிழையை முதலில் மேசையில் வைக்க வேண்டும், ‘இரண்டாவது படகுக்கு எரிபொருள் பார்க்காமல் அனுப்பியது நான்’ என்று. அதற்குப் பிறகு மற்றவர்கள் தாங்களாகவே கதைப்பார்கள். இந்த முறையைக் காட்டுத்தீ அணைக்கும் குழுக்கள்கூட எடுத்துப் பயன்படுத்துகின்றன. பாடசாலை விளையாட்டுப் போட்டி முடிந்த பிறகும், கோயில் திருவிழாத் தொண்டர்களோடும் இதைச் செய்யலாம்.

காத்திருக்கிற நேரமும் இப்படித்தான். படை வாழ்க்கையில் பெரும்பகுதி லொறிக்கும் கட்டளைக்கும் காத்திருப்பதில் போகும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு முடிச்சு, இரத்தப்போக்கை நிறுத்துகிற கட்டு, வரைபடம் பார்க்கிற முறை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது நல்ல கோப்ரலின் அடையாளம். கற்றுக்கொடுக்கத் தொடங்கும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரியவரும், இரவில் புத்தகத்தைத் திறக்க வைக்கும்.

தன்னை வளர்த்துக்கொள்வது

உடற்பயிற்சியைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை, அதைப் படையே பார்த்துக்கொள்ளும். நித்திரையைத்தான் யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். நித்திரை குறைந்த தலைவரின் முடிவுகள் கெட்டுப்போகும், கோபம் முன்னுக்கு வரும்.

காசு விஷயம் பெரியது. பதினெட்டு, இருபது வயதில் முதல் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் படை தருகிறது. கையில் இருப்பது முழுவதும் செலவுக்கென்றே தோன்றும். மோட்டார் சைக்கிள் லீசிங், கைத்தொலைபேசித் தவணை, கூட்டாளிக்குப் பிணை. கடனில் இருக்கிறவன் மேல் அழுத்தம் கொடுப்பது சுலபம் என்பதால், பல படைகள் கடன் பிரச்சினையைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்கின்றன. தன் ஆட்களுக்கு முதல் சம்பளத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கப் பழக்கிவிட்ட கோப்ரல், அவர்களுடைய குடும்பத்துக்கே நன்மை செய்கிறார்.

மொழி. திருகோணமலையில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் சேர்ந்து வாழ்கிற மாவட்டம் இது. எதிரில் நிற்பவரின் மொழியில் நூறு சொல் தெரிந்தாலே சாவடியில் பாதிப் பதற்றம் குறையும். ‘பயப்படாதீங்க’, ‘எங்கே நோகுது?’, ‘கொஞ்சம் இருங்கோ’ என்று அவரவர் மொழியில் சொல்லத் தெரிந்த சீருடைக்காரர் ஒருவர், இருபது துப்பாக்கிகளால் செய்யமுடியாததைச் செய்வார். வெளிநாட்டுப் படையில் இருக்கிற நம் பிள்ளைகளுக்குத் தமிழும் சேர்த்து இரண்டு மூன்று மொழி ஏற்கனவே கையில் இருக்கிறது. அதை ஒளிக்காமல் முன்வைக்க வேண்டும்.

படிப்பையும் விடக்கூடாது. அமெரிக்காவில் 1944இல் கொண்டுவந்த சட்டம் போர் முடிந்து திரும்பிய இலட்சக்கணக்கான சிப்பாய்களைப் பல்கலைக்கழகத்துக்கும் தொழிற்கல்விக்கும் அனுப்பியது. எந்தப் படையில் இருந்தாலும் கல்விக்கு என்ன உதவி இருக்கிறது என்று முதல் வருடத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேவை முடிய ஆறு மாதம் இருக்கும்போது கேட்பவர்களுக்குப் பாதி வாய்ப்புப் போய்விட்டிருக்கும்.

சீருடையைக் கழற்றிய பின் வேலை தேடும்போது, ‘லான்ஸ் கோப்ரலாக இருந்தேன்’ என்று மட்டும் எழுதினால் வெளியில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பேருக்குப் பொறுப்பு, என்ன பொருட்களுக்குப் பொறுப்பு, யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எந்த விபத்தைத் தவிர்த்தீர்கள் என்று எழுதுங்கள். கப்பலுக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: வணிகக் கப்பலின் மேல்தளத்திலும் இதே ஏணிதான். ஓர்டினரி சீமன், ஏபிள் சீமன், பிறகு மேல்தள ஆட்களை நடத்துகிற போசன். பயிற்சிச் சான்றிதழ்கள் 1978இல் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் கீழ் வருகின்றன, ஆகவே கடற்படையில் வேலை செய்த அனுபவம் இருந்தாலும் அவற்றைத் தனியாக எடுக்கவேண்டும். எடுக்கும்போது கடலில் இருந்த காலத்துக்கான பதிவுகளை முகாமிலிருந்து வெளியேறும் முன்பே கையொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு அதற்காக அலைவது மிகவும் சிரமம்.